டீச்சரைக் கேளுங்க: பெரிய ஆளாகணும்னு ஆசைப்பட்டா பாவமா?

இந்த மாசம் தபால்ல வந்தது, வாட்ஸ்அப்ல வந்தது எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சா பாதிக்கு மேல ஒரே விஷயம். தாழ்மை, பெருமை, பதவி, ஆசை. லெந்து நாள் வேற நடக்குது, சர்ச்சுக்கு சர்ச் இதே பிரசங்கம் ஓடுது போல. சொத்துத் தகராறு, மாமியார் தகராறு கேட்டவங்க கோச்சிக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், நான் பாஸ்டர் இல்ல, செமினரி படிச்சவளும் இல்ல, பைபிள்ல பென்சிலால கோடு போட்டு வாசிக்கிற ரிட்டையர்டு தமிழ் டீச்சர், அவ்வளவு தான்.

கேள்வி: டீச்சர், நான் இங்க ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். எம்.எஸ்சி. நர்சிங் என்ட்ரன்ஸுக்கு படிச்சிட்டு இருக்கேன், அப்புறம் பிஎச்.டி., ஒரு நாள் நர்சிங் காலேஜ் பிரின்சிபால் சேர்ல உக்காரணும்னு மனசுக்குள்ள இருக்கு. வீட்டு ஜெபக் கூட்டத்துல இத ஜெபக்குறிப்பா சொன்னேன். எங்க பெரியம்மா எல்லார் முன்னாடியும் எரேமியா 45:5 எடுத்து "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே"ன்னு வாசிச்சுட்டாங்க. அன்னைலேருந்து புக்க எடுத்தாலே நெஞ்ச குத்துது. ஆசைப்படறது பாவமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முதல்ல புக்க எடுத்து படிம்மா, மீதிய அப்புறம் பேசலாம்.

பெரியம்மா வாசிச்ச வசனம் பைபிள்ல இருக்கறது தான், ஆனா அது யாருக்கு, எப்போ சொன்னதுன்னு பாக்கணும்ல. பாருக்குன்னு ஒருத்தர், எரேமியா சொல்லச் சொல்ல எழுதினவர். யோயாக்கீம் ராஜாவோட நாலாம் வருஷம், கி.மு. 605 வாக்குல. அவர் கஷ்டப்பட்டு எழுதின சுருள ராஜா என்ன பண்ணான்னு 36ஆம் அதிகாரத்துல இருக்கு, வாசிக்க வாசிக்க சூரிக்கத்தியால அறுத்து கணப்புல போட்டு எரிச்சான். இன்னும் 20 வருஷத்துக்குள்ள எருசலேமே பாபிலோன்காரன் கையில விழப்போகுது. அந்த நிலைமையில பாருக்கு தவிச்சுப் போய் புலம்பறாரு, அதுக்கு கர்த்தர் சொல்றாரு, நான் கட்டினதையே நான் இடிக்கிறேன், இந்த நேரத்துல நீ உனக்குன்னு பெரிசா எதையும் தேடாதே, ஆனா நீ எங்க போனாலும் உன் உயிர உனக்கு தப்புவிச்சு தருவேன்னு. இடிஞ்சு விழப்போற ஊர்ல நிக்கிற ஒரு மனுஷனுக்கு சொன்ன ஆறுதல் அது. அத அங்கேருந்து புடுங்கிட்டு வந்து என்ட்ரன்ஸ் எழுதற பொண்ணு தலையில வைக்கறது நியாயமே இல்ல.

சரி, பெரிய ஆளாகணும்னு நேராவே வந்து கேட்டவங்க சுவிசேஷத்துல இருக்காங்க. மாற்கு 10, யாக்கோபும் யோவானும். உம்முடைய மகிமையில எங்களுக்கு வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணுன்னு, காட்பாடி ஜங்ஷன்ல ட்ரெயின் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போடுவாங்களே, அதே தான். (மத்தேயுவுல அவங்க அம்மாவே வந்து கேக்கறாங்க, அம்மாங்க எந்த காலத்துலயும் அம்மாங்க தான்.) மத்த பத்து பேருக்கும் கோவம் வந்துச்சு. ஏன்னு நினைக்கறீங்க? அவங்களுக்கும் அதே சீட்டு மேல தான் கண்ணு, அதுக்கு முந்தின அதிகாரத்துல கப்பர்நகூம் வர்ற வழியில நம்மள்ல யாரு பெரியவன்னு எல்லாரும் தான் வாக்குவாதம் பண்ணிட்டு வந்தாங்க. இப்போ இயேசு என்ன சொல்லியிருக்கலாம், பெரியவனாகணும்னு நினைக்கறதே தப்பு, போய் ஓரமா உக்காருங்கன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். அப்படி அவர் சொல்லவே இல்ல. "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால்"னு ஆரம்பிச்சு, அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனா இருக்கட்டும்னு முடிக்கிறாரு. ஆசைய அப்படியே விட்டுட்டு அதுக்குப் போற வழிய மாத்தி விட்டாரு. கூடவே, நான் குடிக்கிற பாத்திரத்துல உங்களால குடிக்க முடியுமான்னும் கேட்டாரு. முடியும்னாங்க. யாக்கோபு குடிச்சாரு, ஏரோது அவர பட்டயத்தால கொன்னான்னு அப்போஸ்தலர் 12ல இருக்கு.

அதே பேச்சோட கடைசி வரி தான் "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்". நீங்க தினமும் பஸ்ல தாண்டிப் போற சி.எம்.சி.யோட (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) குறிக்கோள் வாசகமே அந்த வசனம் தான். சீட்டு கேட்டு வந்த ரெண்டு பேரால நமக்கு கிடைச்ச வசனம் அது, எனக்கு இத நினைச்சா எப்பவும் சிரிப்பா வரும்.

சி.எம்.சி.ய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடரையே எடுத்துக்கோங்க. 1870ல நம்ம ராணிப்பேட்டையில பொறந்தவங்க. மிஷனரி குடும்பம், ஆனா அவங்களுக்கு அந்த வேலைக்கு வர இஷ்டமே இல்ல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு திண்டிவனம் வந்தப்போ ஒரே ராத்திரியில மூணு வீட்டுலேருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தாங்க, அவங்க அப்பா டாக்டர் தான், ஆனா ஆம்பளைய உள்ள விட மாட்டோம்னுட்டாங்க, மூணு பொண்ணுங்களும் செத்துப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் தான் மனசு மாறி அமெரிக்கா போய் 1899ல டாக்டர் படிப்பு முடிச்சு, 1900ல வேலூர்ல ஒத்தக் கட்டிலோட ஆரம்பிச்சாங்க. 1902ல 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909ல நர்சிங் ஸ்கூல், 1918ல பொம்பளைங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல். பின்னாடி கவர்ன்மென்ட் எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தியே ஆகணும்னப்போ, வயசு 70 தாண்டியும், உலக யுத்தம் நடக்கறப்பவே அமெரிக்கா போய் ஊர் ஊரா பணம் கேட்டாங்க. எனக்கு ஒத்தக் கட்டில் போதும், நான் தாழ்மையானவன்னு உக்காந்திருந்தா இன்னைக்கு 2000 படுக்கைக்கு மேல எங்கேருந்து வந்திருக்கும், நர்சிங் படிப்பே இந்த ஊருக்கு எப்போ வந்திருக்கும்னு பெரியம்மாகிட்ட மெதுவா கேட்டுப் பாருங்க. மெதுவான்னா மெதுவா, சண்டை வேணாம்.

ஆனா உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு. உங்க கூட அதே வார்டுல நைட் டியூட்டி பாக்கற பொண்ணுக்கு சீட் கிடைச்சு உங்களுக்கு கிடைக்கலன்னு வச்சுக்கோங்க. அன்னைக்கு வயிறு எரியும், அது மனுஷ சுபாவம், ரெண்டு நாள்ல ஆறிடும். ஆறாம, அவ எப்படியாவது ஃபெயில் ஆகட்டும்னு மனசு போச்சுன்னா, அந்த இடத்துல தான் வேதம் சொல்ற பெருமை உக்காந்திருக்கு. பிரின்சிபால் ஆகணும்ங்கறதுல கோளாறு இல்லம்மா, அவள விட நான் மேலங்கறதுல தான் கோளாறு. பரிசேயன் ஜெபத்த பாருங்க, லூக்கா 18, உபவாசம் இருந்ததும் தசமபாகம் குடுத்ததும் நல்ல விஷயம் தான, "இந்த ஆயக்காரனைப் போலவும் இராததனால்"னு தூரத்துல நின்ன வரி வசூல்காரன இழுத்தான் பாருங்க, அங்க தான் கெட்டுச்சு.

சீட்டே கிடைக்காம போச்சுன்னா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். இதே ஊர்ல டாக்டர் மேரி வர்கீஸ்னு இருந்தாங்க. 1954ல ஒரு வண்டி விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ செயலில்லாம போச்சு. அவங்க சக்கர நாற்காலியில உக்காந்தபடியே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து அந்த டிபார்ட்மென்டையே நடத்தினாங்க, 1972ல பத்மஸ்ரீ. நினைச்ச வழி அடைஞ்சு போன பிறகும் அவங்க ஆசைய சின்னதாக்கிக்கல.

கேள்வி: கொயர்ல சோலோ பாடுவேன். யாராவது நல்லா பாடினேன்னு சொன்னா "நான் ஒண்ணுமே இல்ல பிரதர், எல்லாம் கர்த்தர்"னு சொல்லணும்னு சின்ன வயசுலேருந்து பழக்கியிருக்காங்க. ஆனா உள்ளுக்குள்ள ஜில்லுனு தான் இருக்கு. நான் வேஷக்காரனா?
– காட்பாடி வாசகர்

பதில்: தேங்க்ஸ்னு சொல்லுங்க தம்பி, போதும். நீங்க ஒண்ணுமே இல்லன்னு சொன்னா அவர் விடுவாரா, "இல்ல பிரதர், உங்க தாழ்மையே தாழ்மை"ன்னு ரெண்டாவது ரவுண்டு புகழ்ச்சி வரும், அதுக்கு வேற பதில் தேடணும். சுருதி விலகின அன்னைக்கும் எல்லாம் கர்த்தர்னு சொல்வீங்களா என்ன? பவுல் 1 கொரிந்தியர் 15ல நான் அப்போஸ்தலர்கள் எல்லாரிலும் சிறியவன்னும் சொல்றாரு, அடுத்த வசனத்துலயே அவங்க எல்லாரையும் விட அதிகமா பாடுபட்டேன்னும் சொல்றாரு, உடனே நான் இல்ல, என்னோட இருக்கற கிருபைங்கறாரு. உண்மைய மறைக்காம பேசினாரு. ஜில்லுனு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

கேள்வி: அம்மா, எங்க சர்ச்ல பாஸ்டரேட் கமிட்டி எலெக்ஷன் வருது. கணக்கு வழக்கு எனக்கு நல்லா வரும், நிக்கலாம்னு இருக்கேன். நின்னா பதவி ஆசைங்கறாங்க. போன தடவ ஜெயிச்சவர் "எனக்கு இதுல விருப்பமே இல்ல, சபையார் கேட்டுக்கிட்டதால ஒத்துக்கிட்டேன்"னு மைக்ல சொன்னாரு, ஆனா ராத்திரியில வீடு வீடா போய் ஓட்டு கேட்டத நானே பாத்தேன். இதுல எது தாழ்மை?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: நில்லுங்க சார். பகல்லயே போய் ஓட்டு கேளுங்க.

1 தீமோத்தேயு 3:1, கண்காணிப்ப, அதாவது சபைய மேற்பார்வை பாக்கற பதவிய, விரும்பறவன் நல்ல வேலைய விரும்பறான்னு பவுலே எழுதியிருக்காரு. விரும்பறத திட்டாம, அதுக்கு கீழ தகுதிய வரிசையா போடறாரு, சண்டைக்காரனா இருக்கக் கூடாது, பண ஆசை கூடாது, சொந்த வீட்ட ஒழுங்கா நடத்தறவனா இருக்கணும்னு. அந்த லிஸ்ட எடுத்து வச்சு உங்களையே ஒரு தடவ சரி பாருங்க, முடிஞ்சா வீட்டுக்காரம்மாவ விட்டு பாக்கச் சொல்லுங்க, அவங்க மார்க் சரியா போடுவாங்க.

பதவி ஆசை பிடிச்ச ஆள எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேட்டா அதுக்கும் பேரோட ஒரு ஆள் இருக்காரு. 3 யோவான்ல தியோத்திரேப்பு, முதன்மையா இருக்க விரும்பறவன்னு யோவான் எழுதறாரு. அந்த ஆள் என்னென்ன பண்ணான்னு பாருங்க, மேலேருந்து வந்த லெட்டர ஏத்துக்கல, பொல்லாத வார்த்தை பேசி அலப்பினான், வெளியூர்லேருந்து வந்த சகோதரர்கள சேத்துக்கல, சேத்துக்க நினைச்சவங்களையும் தடுத்து சபைய விட்டுத் தள்ளினான். ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, இதுல எந்த வரியாவது உங்க சர்ச்சுல பொருந்தாதான்னு நான் கேக்க மாட்டேன், நீங்களே சிரிச்சுப்பீங்க.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி இருக்கு சார். ஆசைய வெளிய சொன்னா பெருமை, ஒளிச்சு வச்சா தாழ்மைன்னு ஆக்கி வச்சுட்டோம். அதனால தான் எல்லாரும் ஒளிச்சு வச்சுட்டு ராத்திரியில நடக்கறாங்க. ஃப்ளெக்ஸ் பேனர்ல ஆள் உயர போட்டோ போட்டு கீழ "அடியேன்"னு எழுதறதும் இதே கேஸ் தான், கொலோசெயர் 2:23ல "மாயமான தாழ்மை"ன்னு ஒண்ணு வருது, பேனர் அடிக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ வாசிக்கலாம். நீங்க நேரா சொல்லுங்க, எனக்கு பொருளாளர் பொறுப்பு வேணும், கணக்கு தெரியும், ஒவ்வொரு மாசமும் வரவு செலவ நோட்டீஸ் போர்டுல ஒட்டுவேன், ஓட்டு போடுங்கன்னு. தோத்துட்டீங்கன்னா அடுத்த அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வழக்கம் போல வந்து நோட்டு எழுதுங்க. தோத்த பிறகு சர்ச்ச மாத்தறவங்கள நிறைய பாத்தாச்சு. சீஷங்களே கடைசி பந்தியில, அதுவும் இயேசு அப்பம் புட்டுக் குடுத்து முடிச்ச கையோட, யாரு பெரியவன்னு சண்டை போட்டாங்கன்னு லூக்கா 22ல இருக்கு. உங்க கமிட்டியில சண்டை வர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல.

கேள்வி: டீச்சரம்மா, நான் பீடி சுத்துறவ. எங்க ஜனங்கள எங்க பாட்டன் காலத்துலேருந்து ஊர்ல பின்னால நில்லு, கீழ உக்காருன்னு தான் சொல்லிக்கினு இருந்தாங்க. இப்போ கோயிலுக்கு போனாலும் தாழ்மையா இரு, தாழ்மையா இருன்னு ஒரே பிரசங்கம். கூலி கம்மியா குடுக்கறாங்கன்னு கேட்டதுக்கு கூட ஒரு பெரியவரு உனக்கு தாழ்மை பத்தலன்றாரு. இன்னும் இன்னா தாழணும் சொல்லுங்க.
– குடியாத்தம்

பதில்: அம்மா, உங்க லெட்டர நான் ரெண்டு மூணு பேருக்கு வாசிச்சுக் காட்டினேன், யாருக்கும் வாய் தெறக்கல.

நீங்க இன்னும் தாழ வேணாம். உங்கள மத்தவங்க தாழ்த்தினதுக்குப் பேரு தாழ்மை இல்ல. அதுக்குப் பேரு அநியாயம்.

இயேசு இந்த தாழ்மைப் பாடத்த யாருக்கு எடுத்தாருன்னு பைபிள்ல தேடிப் பாத்தா ஒரு விஷயம் தெரியும். பந்தியில முதல் இடத்துக்கு ஓடினவங்களுக்கு எடுத்தாரு (லூக்கா 14). சந்தை வெளியில வணக்கம் வாங்க ஆசைப்பட்ட வேதபாரகருக்கு எடுத்தாரு. நாளைக்கு சபைக்கே தலைவருங்களா வரப்போற சீஷருக்கு திரும்பத் திரும்ப எடுத்தாரு. கூட்டத்துக்கு நடுவுல பயந்து பயந்து வஸ்திரத்த தொட்ட அந்த பெரும்பாடுள்ள (நிக்காத ரத்தப்போக்கு இருந்த) பொம்பளைகிட்ட "மகளே"ன்னு தான் கூப்பிட்டாரு, தாழ்மையா இருன்னு சொல்லல. பதினெட்டு வருஷம் கூனி நின்னவள நிமித்தி விட்டாரு, அதுவும் ஜெபஆலயத் தலைவன் கோச்சுக்கிட்டு நிக்கும் போது, எல்லார் எதிர்லயும் இவ ஆபிரகாமோட மகள்னு சொல்லி. மேல உக்காந்தவனுக்கு எழுதின மருந்து சீட்ட கீழ நிக்கறவங்களுக்கு குடுத்தா அது எப்படி வேலை செய்யும்?

பிலிப்பியர் 2ல கிறிஸ்து தம்மைத் தாமே தாழ்த்தினார்னு வருது. தாமே. யாரும் அவர புடிச்சு அமுக்கல, தேவனுடைய ரூபமா இருந்தவர் அவரா எறங்கி வந்தாரு. யோவான் 13ல கால் கழுவறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, பிதா எல்லாத்தையும் தன் கையில குடுத்திருக்காருன்னு அவருக்கு தெரிஞ்சே தான் எழுந்து துண்ட இடுப்புல கட்டினாரு. தன் மதிப்பு தெரிஞ்சவர் குனிஞ்சாரு. மதிப்பே குடுக்காத ஆளப் பாத்து குனின்னு சொல்ற அதிகாரம் யாருக்கும் இல்ல.

இன்னொண்ணு. அந்த தாழ்மை அதிகாரத்த பவுல் எந்த ஊருக்கு எழுதினாரு? பிலிப்பி. அதே பிலிப்பியில தான் அவரையும் சீலாவையும் விசாரிக்காம அடிச்சு ஜெயில்ல போட்டாங்க, மறுநாள் காலையில அதிகாரிங்க, சத்தம் போடாம போயிடுங்கன்னு ஆள் அனுப்பினாங்க. பவுல் போகல. நாங்க ரோமக் குடிமக்கள், எங்கள விசாரிக்காம வெளியரங்கமா அடிச்சுட்டு இப்போ ரகசியமா அனுப்பறீங்களா, அவங்களே வந்து எங்கள வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னு உக்காந்துட்டாரு (அப்போஸ்தலர் 16:37). வந்தாங்க, வேண்டிக்கிட்டாங்க. அந்த பவுலுக்கு தாழ்மை பத்தலன்னு உங்க பெரியவர் சொல்வாரா? கூலி கேக்கறது நியாயம் கேக்கறது. யாக்கோபு 5:4ல அநியாயமா பிடிச்சு வச்ச கூலியே கூப்பிடுதுன்னும், அந்த கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரோட செவியில விழுந்துச்சுன்னும் இருக்கு. அந்த வசனத்த ஒரு ஞாயிறு வாசிக்கச் சொல்லி உங்க பாஸ்டர் ஐயர்கிட்ட கேளுங்க, கூச்சப்படாதீங்க.

மரியாளோட பாட்டு ஞாபகம் இருக்கா, பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்னு. கிறிஸ்துமஸுக்கு கிறிஸ்துமஸ் பாடறோம், பாடறப்போ எந்த ஆசனத்த சொல்றாங்கன்னு யாரும் யோசிக்கறது இல்ல.

உங்களுக்கும் தாழ்மை வேண்டிய இடம் இருக்கும்மா, இல்லன்னு சொல்லல. பக்கத்து வீட்டு மருமகள பேசறப்போ, உங்களுக்கும் கீழன்னு ஊர் சொல்ற யாராவது வாசல்ல வந்து நிக்கறப்போ. அத நீங்களா முடிவு பண்ணி செய்யறது. கூலிக் கணக்குல அதுக்கு வேலை இல்ல.

கேள்வி: நான் கிறிஸ்தவன் இல்ல, உங்க பக்கத்த விரும்பி படிப்பேன். திருக்குறள்லயே அடக்கம் பத்தி ஒரு அதிகாரம் இருக்கே, உங்க வேதம் சொல்றதும் அதுவும் ஒண்ணு தானா?
– ஆற்காடு வாசகர்

பதில்: தமிழ் டீச்சர்கிட்ட குறள் கேட்டா பக்கம் பத்தாது சார், சுருக்கமா சொல்றேன். நீங்க சொன்ன அதே அடக்கமுடைமையில 125வது குறள், "எல்லார்க்கும் நன்றாம் பணிதல் அவருள்ளும் செல்வர்க்கே செல்வம் தகைத்து". பணிவு எல்லாருக்கும் நல்லது தான், ஆனா இருக்கறவன் பணிஞ்சா அது அவனுக்கு இன்னொரு செல்வம். மேல குடியாத்தம் அம்மாவுக்கு நான் அவ்வளவு நீட்டி சொன்னத வள்ளுவர் ரெண்டு வரியில முடிச்சுட்டாரு, கொஞ்சம் பொறாமையா கூட இருக்கு. அதே ஆள் தான் 596ல "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்"னும் சொல்றாரு, நினைக்கறதெல்லாம் உசந்ததா நினைன்னு. உசரத்த நினைக்கறதும் பணிவும் அவருக்கு ஒண்ணோட ஒண்ணு மோதல.

வித்தியாசம் எங்கன்னா, குறள்ல பணிவு ஒரு மனுஷனோட பண்பு, அவன் அத வளத்துக்கணும். கிறிஸ்தவத்துல முதல்ல தாழ்ந்தது கடவுள், அதுக்கு அப்புறம் தான் மனுஷனுக்கு சொல்றாங்க. அந்த இடத்துல ரெண்டும் பிரிஞ்சுடுது. ரெண்டையும் ஒண்ணாக்கி பேசறது கேக்க நல்லா இருக்கும், ஆனா ரெண்டுக்கும் மரியாதை இல்ல.

கேள்வி: சகோதரி, என் மகள் பிளஸ் டூ, கலெக்டர் ஆகணும்னு பிடிவாதமா இருக்கா. எங்க அன்பியத்துல (ஏரியா ஜெபக் குழு) சிலர், குழந்தை தெரசம்மாள் மாதிரி சின்னவளா மறைஞ்சு வாழறது தான் தாழ்ச்சி, இவளுக்கு இப்பவே உலக ஆசைன்னு சொல்றாங்க. மகள் அழறா.
– தொரப்பாடி

பதில்: குழந்தை தெரசம்மாள சரியா வாசிச்சவங்க இப்படி சொல்ல மாட்டாங்க. 15 வயசுல பிரான்ஸ்ல கார்மேல் மடத்துக்குள்ள போய் 1897ல 24 வயசுல அங்கேயே இறந்து போனாங்க, அது உண்மை. ஆனா சாகறதுக்கு முந்தின வருஷம் எழுதினதுல என்னென்ன ஆசைய கொட்டியிருக்காங்க தெரியுமா, போர்வீரன் ஆகணும், குரு ஆகணும், அப்போஸ்தலர் ஆகணும், மறைவல்லுநர் (திருச்சபைக்கே பாடம் சொல்ற அறிஞர்) ஆகணும், மறைசாட்சியா சாகணும், இதுல ஒண்ணு மட்டும் போதாதுன்னு. எல்லாத்தையும் ஒண்ணா சேக்கற இடம் எதுன்னு தேடி, அன்பு தான் என் அழைப்புன்னு கண்டுபிடிச்சாங்க. ஆசை குறைஞ்சதால வந்ததில்ல அவங்க சிறிய வழி. மடத்த விட்டு வெளியவே வராத அந்த பொண்ண 1927ல மறைபரப்பு நாடுகளுக்கு பாதுகாவலியா திருச்சபை அறிவிச்சுது, 1997ல மறைவல்லுநர் பட்டமும் குடுத்துது.

உங்க திருச்சபையோட பெரிய அறிஞர் தோமா அக்குவினாஸ், 13ஆம் நூற்றாண்டுக்காரர், தாழ்ச்சியையும் புண்ணியம்ங்கறாரு, பெரிய காரியத்துக்கு துணிஞ்சு மனச நீட்டறதையும் புண்ணியம்ங்கறாரு. தன் குறைய பாக்கறப்போ தாழ்ச்சி, கடவுள் குடுத்த வரத்த பாக்கறப்போ பெரிய நோக்கம், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கலாம்னு. அது மட்டும் இல்ல, தன்னால முடியற பெரிய காரியத்துலேருந்து பயந்து பின்வாங்கறத பாவம்ங்கறாரு, அதுக்கு உதாரணமா தாலந்த மண்ணுல பொதைச்ச வேலைக்காரன காட்டறாரு. மகள் கண்ணத் தொடச்சுட்டு படிக்கட்டும். கலெக்டர் ஆனா மனு நாள்ல வரிசையில நிக்கற கெழவிய உக்கார வச்சு பேசறாளான்னு அப்போ பாத்து தாழ்ச்சிக்கு மார்க் போடலாம், பிளஸ் டூல என்ன அவசரம்.

கேள்வி: டீச்சர், எண்ணாகமம் 12:3ல மோசே பூமியில இருக்கற எல்லார விடவும் சாந்தகுணமுள்ளவர்னு இருக்கு. அத எழுதினதே மோசே தான்னு சொல்றாங்க. தன்னையே அப்படி எழுதிக்கிட்டா அது பெருமை இல்லையா? சண்டே ஸ்கூல்ல கேட்டேன், திட்டிட்டாங்க.
– 8ஆம் வகுப்பு மாணவன், ஆம்பூர்

பதில்: நல்ல கேள்விடா கண்ணா, பெரிய பெரிய பண்டிதருங்களே கேட்டது தான். அந்த வரிய பின்னாடி வேற ஒருத்தர் சேத்திருப்பாருன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அது சரியா தான் படுது. அந்த அதிகாரத்த முழுசா வாசி, அவங்க அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் சேந்து, கர்த்தர் மோசேயோட மட்டுமா பேசினாரு, எங்களோடயும் பேசலையான்னு குறை சொல்றாங்க. மோசே தனக்காக ஒரு வார்த்தை பேசல. மிரியாமுக்கு குஷ்டரோகம் வந்த உடனே தான் வாயத் தெறக்கறாரு, அதுவும் என் தேவனே அவள குணமாக்கும்னு கெஞ்சறதுக்கு. இத உங்க சண்டே ஸ்கூல் டீச்சர்கிட்ட காட்டு, நான் சொன்னேன்னு சொல்லு. முழு ஆண்டு பரீட்சை முடிஞ்சதும் அடுத்த கேள்விய அனுப்பு, கையெழுத்த மட்டும் கொஞ்சம் பெருசா எழுது.